நண்டு ஏன் நுரை தள்ளுகிறது?

எம்.ரெட்டியபட்டி போன்ற கரிசல் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கண்மாய் பெருகினால் வயல் நண்டுக்குக் கொண்டாட்டம். வரப்பை ஓட்டை போடுகிறது என்று விவசாயி திட்டுவதும் நியாயமே. அதைப் பிடித்துத் தரையில் விட்டால், சற்று நேரத்தில் வாயோரம் நுரை கட்டும். கோபத்தில் நுரை தள்ளுகிறது என்பார்கள். அது மூச்சு விடுகிறது, அவ்வளவுதான்.

மீனைப் போல நண்டுக்கும் செவுள் உண்டு. ஓட்டுக்கு அடியில் இருபக்கமும் இரண்டு அறைகளில் ஒளிந்திருக்கிறது. செவுள் தானாகத் தண்ணீரை இழுக்காது. வாயுறுப்பு ஒன்றின் தட்டையான மெல்லிய துடுப்பு, அறையின் முன்வாசலில் அடித்துக்கொண்டே இருக்கும். அது தண்ணீரை வெளியே வாரி இறைக்க இறைக்க உள்ளே அழுத்தம் குறையும். கொடுக்கின் அடியிலுள்ள இடுக்கு வழியாகப் புதுத் தண்ணீர் பாயும். கிணற்று மேட்டு மோட்டார் மாதிரி, உறிஞ்சித்தான் வேலை நடக்கிறது. கரையேறிய பிறகும் துடுப்பு ஓய்வதில்லை. மிச்சமிருக்கும் நீரோடு காற்றும் கலந்து அடிபடுவதால்தான் நுரை.

ஏன் இத்தனை பாடு? ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 6 மில்லிலிட்டர்கூடக் கரைந்திருக்காது. சேற்று வளைக்குள் அதிலும் குறைவு.

கடலோரச் சேற்றில் ஆழமாக வளை தோண்டும் இறால்களுக்கு இந்த ஒரு துடுப்பு போதாது. செவுளுக்குத் துடுப்பு, வளைக்கு வயிற்றடி நீச்சல் கால்கள். அவற்றை விசிறி, மேலிருந்து புதுநீரை வளைக்குள் இழுக்கும். கடல் வற்றும் நேரத்தில் விசிறிப் பயனில்லை. அப்போது கைகொடுப்பது ரத்தம்: அதிலுள்ள செம்பு கலந்த புரதம், அற்ப ஆக்சிஜனையும் விடாமல் பற்றிக்கொள்ளும். ஆக்சிஜன் ஏறினால் அந்த ரத்தம் நீலமாகும்.

சேற்றில் வாழ்ந்தால் செவுளில் வண்டல் அடையாதா? அடையும். நண்டின் துடுப்பு அவ்வப்போது எதிர்த்திசையில் அடித்து ஓட்டத்தையே திருப்பி அலசிவிடும். போதாக்குறைக்கு, மயிரடர்ந்த நீண்ட உறுப்புகள் அறைக்குள் தூரிகையாகச் செவுளைத் துடைத்துக்கொண்டிருக்கும். இத்தனை சின்ன உடம்பில் இவ்வளவு கச்சிதமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கண்மாய் நண்டு ஒன்று கிடைத்தால் கண்ணாடிப் பாத்திரத்தில், உடம்பு முங்குமளவு தண்ணீரில் விடுங்கள். அது அசையாமல் இருக்கும்போது கொடுக்கின் அடியருகே உணவுச் சாயம் ஒரு சொட்டு மெல்ல விட்டால், சாயம் உள்ளே இழுபட்டு வாயருகே வெளிவருவதைப் பார்க்கலாம். பார்த்தபின் கண்மாயிலேயே விட்டுவிடுங்கள்.