வால்வைத் திறக்கும் முன்

இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் சோரிக் மராபி என்றோர் எரிமலை. அதன் பக்கத்தில் புவிவெப்ப மின்சாரத்துக்காகத் தோண்டிய கிணறு ஒன்றை 2021 ஜனவரி 25 அன்று சோதனைக்காகத் திறந்தார்கள். வெளியே வந்த வாயு அருகிலிருந்த சிபாங்கோர் ஜூலு கிராமத்தினரை மயங்கி விழச் செய்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு.

கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு. எரிமலைப் பாறைகளில் தேங்கும் வெந்நீரோடு கலந்து மேலே வரும் வாயு இது. மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால், பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கின் உணர்வு மரத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, ஆபத்து நீங்கியது என்று நினைக்கும் நேரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கும். 700 பங்கைத் தாண்டினால் சில மூச்சுகளிலேயே நினைவு தப்பும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளத்தைத் தேடி ஓடும். கிணற்று வாயைச் சுற்றி வெட்டும் குழியிலும், சரிவில் கீழே இருக்கும் வயலிலும் தேங்கும். நம்மூர்க் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்களைக் கொல்வதும் இதே வாயுதான். விழுந்தவரைத் தூக்கப் போனவர் அடுத்து விழும் கொடுமை அங்கும் உண்டு, இங்கும் உண்டு.

இன்னோர் ஆபத்து வெந்நீர். ஆழத்தில் 250 டிகிரி செல்சியஸ் சூட்டிலும் நீர் ஆவியாகாமல் இருப்பதற்குக் காரணம், மேலிருந்து அழுத்தும் எடை. அந்த எடை நீங்கி மேற்பரப்புக்கு வந்தால், சுமார் 30 சதவீத நீர் உடனே ஆவியாகிச் சீறும். தோண்டும்போது கிணற்றில் நிரம்பியிருக்கும் களிமண் கரைசலும் குளிர்நீரும்தான் அதை அடக்கி வைக்கின்றன. புவிவெப்பம் கிடைக்கும் இடங்களோ விரிசல் விழுந்த பாறைகள். துளைமுனை ஒரு விரிசலைத் தொட்டதும் கரைசல் முழுவதையும் பாறை குடித்துவிடலாம். கிணற்றில் மட்டம் இறங்கும், அழுத்தம் குறையும், கீழே நீர் கொதிக்கத் தொடங்கும். ஹவாய்த் தீவின் பூனாவில் 1991 ஜூனில், சுமார் 1,060 மீட்டர் ஆழத்தில் எதிர்பாராத உயரழுத்தப் பகுதியில் துளை விழுந்து, கிணறு 31 மணி நேரம் பீறிட்டது. சுற்றுப்புற மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

இதற்கெல்லாம் தடுப்பு முறைகள் உண்டு. கிணற்றுச் சுவரைத் தாங்கும் கேசிங் குழாயைச் சுற்றி அடியிலிருந்து தரை மட்டம் வரை இடைவெளியின்றி சிமென்ட் நிரப்புவார்கள். இடையில் நீர் சிக்கினால், சூடேறி விரிந்து குழாயையே நசுக்கிவிடும். கிணற்று வாயை அவசரத்தில் அடைக்கும் கருவியில் ரப்பர் பாகங்கள் உண்டு. வெந்நீர் பட்டு அவை இளகாமல் குளிர்விக்க வேண்டும். எந்நேரமும் பாய்ச்சத் தயாராகக் குளிர்நீர் ஏராளமாகக் கையிருப்பில் வேண்டும். வாயுவோடு காஸ்டிக் சோடா கரைசலைக் கலந்தால், காற்றில் சேரும் நஞ்சு பெருமளவு குறையும்.

ஆனால், அடக்கும் வேலையே ஆபத்தாக முடிவதும் உண்டு. மத்திய ஜாவாவின் தியெங்கில் 2022 மார்ச் 12 அன்று, பழுதுபார்ப்புக்கு முன்பாகக் கிணற்றுக்குள் நீர் செலுத்தும் பணியின்போது ஹைட்ரஜன் சல்பைடு கசிந்தது. ஒரு தொழிலாளி இறந்தார். பலர் மருத்துவமனைக்குப் போனார்கள்.

தோண்டும் நாட்களில் எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். சோதனை, பழுதுபார்ப்பு, மறுபடி திறப்பு போன்ற வழக்கமான வேலைகளில்தான் கவனம் தளர்கிறது என்பது என் எண்ணம். முகமூடி கடைசி அரண். அதற்கு முன்னால், 10 பங்கிலேயே அலறும் கருவிகள் வேண்டும். காற்றின் திசை பார்த்து ஓடும் வழி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், காற்று வீசிச்செல்லும் பக்கத்தில் ஒருவரும் இல்லை என்பதை ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். சிபாங்கோர் ஜூலுவில் இறந்தவர்கள் கிணற்றுப் பணியாளர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். நிறுவனத்தின் வேலி வரைதான் பணியிடம் என்று எண்ணும் பாதுகாப்புத் திட்டம் பாதித் திட்டமே.

இந்த ஆபத்து நமக்கும் தொலைவில் இல்லை. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில், 14,000 அடிக்கும் மேலான உயரத்தில், ஓஎன்ஜிசி புவிவெப்பக் கிணறு தோண்டத் தொடங்கியது. 2022 ஆகஸ்டில் கிணற்றுத் திரவம் ஓடையில் கலந்ததால் வேலை நின்றது. சாங்பா மேய்ப்பர்கள் ஆடுகளோடு வந்து தங்கும் இடம் அது. புவிவெப்ப மின்சாரம் நமக்கு அவசியம். அங்கே ஒரு வால்வைத் திறக்கும் முன், அந்த மேய்ப்பர்களுக்கு அவர்கள் மொழியில் அறிவிப்பு போக வேண்டும். அவர்கள் மேடான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்களா என்று பார்த்த பிறகே கிணற்றைத் திறக்க வேண்டும். இதை நடைமுறையாக அல்ல, சட்டமாகவே எழுதிவைக்க வேண்டும்.