உபினைச் சுற்றி 20 கிலோமீட்டர்



கயாக் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது முறுக்கேறிய கைகள்தான். "இந்தக் கையை வெச்சுக்கிட்டா கடலுக்குப் போற?" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. சென்ற செப்டம்பர் விடுமுறையில் மாணவர்களுக்கான கயாக் மாரத்தான் ஒன்றில் கலந்துகொண்டு புலாவ் உபின் தீவைச் சுற்றி வந்தேன். பக்கத்திலுள்ள புலாவ் கெத்தாமையும் சேர்த்து ஏறக்குறைய 20 கி.மீ. நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: தீவைச் சுற்றி வரக் கை பலம் மட்டும் போதாது, கடிகாரம் வேண்டும்!

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கப்பல் பட்டறையில் வேலை. "படிக்க அனுப்பினா படகு ஓட்டப் போறேங்கிறியே!" என்றார். அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஃபாரத்தில் கையெழுத்துப் போட இருவருக்குமே மனமில்லை. அவர்களிடம் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

உபின் தீவு சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் இடையிலுள்ள நீரிணையில் இருக்கிறது. 1924-ல் திறக்கப்பட்ட காஸ்வே இந்த நீரிணையை இரண்டாகப் பிரித்துவிட்டது. கல்லைக் கொட்டிக் கட்டிய கரை என்பதால் தண்ணீர் அதைத் தாண்டிப் போக முடியாது. ஆகவே உபின் பக்கம் கடல் கிழக்கிலிருந்து உள்ளே வருகிறது. வந்த வழியே திரும்புகிறது. நீர் ஏறும்போது மேற்கே ஓட்டம், வற்றும்போது கிழக்கே ஓட்டம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள்! காஸ்வே கட்ட உபினிலிருந்தும் கருங்கல் வெட்டி எடுத்துப் போனார்கள். தன் கல்லைக் கொடுத்து, தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரின் போக்கையே மாற்றிக்கொண்ட தீவு இது!

நீர் ஏற ஏறக்குறைய 6 மணி நேரம், வற்ற இன்னொரு 6 மணி நேரம். உச்சத்தைத் தொட்டதும் சிறிது நேரம் ஓட்டமில்லாமல் நிற்கும். எங்கள் திட்டம் இதுதான்: நீர் ஏறும்போது தெற்குக் கரையிலிருந்து புறப்பட்டு மேற்கே போவது, தண்ணீர் நிற்கும் நேரத்தில் கெத்தாமைத் திரும்புவது, வற்றத் தொடங்கியதும் வடக்குப் பக்கமாகக் கிழக்கே வருவது. போகவும் வரவும் ஓட்டம் நம் பின்னால்! இன்னொரு லாபமும் உண்டு. கிழக்கு முனையிலுள்ள செக் ஜாவா சதுப்புத் திட்டுகள் நீர் நன்றாக வற்றினால் வெளியே தெரியும், கயாக் தரைதட்டும். உச்ச நீருக்குப் பிறகு சீக்கிரமே போய்விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அம்மாவின் காலண்டர்

எங்கள் வீட்டுச் சுவரில் தமிழ்க் காலண்டர் தொங்குகிறது. நான் அதைக் கழற்றிக் காட்டினேன். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்கோட்டில் இழுக்கும். ஒன்றிரண்டு நாளில் ஏற்றவற்றம் பெரிதாகி ஓட்டமும் வேகமாகும். அஷ்டமி வாக்கில் இரண்டும் செங்கோணத்தில் இழுப்பதால் ஓட்டம் மந்தம். போட்டி விழுந்ததோ நவமியில். "நவமியிலா நல்ல காரியம் தொடங்குறது?" என்று அம்மா பதறினார். "அம்மா, கடலுக்கு அதுதாம்மா சாதுவான நாள்!" என்றேன். அப்பா சிரித்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

வகுப்பில் படித்த முக்கோணம்

குறுக்கே ஓடும் நீரைக் கடக்கும்போது, போக வேண்டிய இடத்தை நேராகப் பார்த்துத் துடுப்புப் போட்டால் போய்ச் சேர மாட்டோம். ஓட்டம் பக்கவாட்டில் தள்ளிவிடும். நம் வேகம் மணிக்கு 6 கி.மீ., குறுக்கு ஓட்டம் 3 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூக்கை ஓட்டத்துக்கு எதிராக 30 டிகிரி திருப்பினால் நேராகக் குறுக்கே போகலாம். கிடைக்கும் வேகம் 5.2 கி.மீ. முதல் வருடக் கணக்கில் 'இது எதுக்குடா?' என்று முனகிய அதே வெக்டர் முக்கோணம்தான்!

துடுப்புப் போடுவதிலும் விஷயம் இருக்கிறது. கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் விட்டுப்போகும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி, அந்தப் பக்கக் காலால் மிதித்து இழுக்க வேண்டும். முதுகும் வயிறும் வேலை செய்யும். கை வெறும் கொக்கிதான்.

கடைசி 3 கிலோமீட்டர்

வடக்குப் பக்கம் எதிரே மலேசியா. எல்லை நடுநீரில் இருப்பதால் உபின் கரையை ஒட்டியே வர வேண்டும். மீன் பண்ணைகளின் கயிறுகளையும் பார்த்துக்கொள்ளணும். செக் ஜாவாவைத் திரும்பியதும்தான் உண்மையான சோதனை. அங்கிருந்து புறப்பட்ட இடத்துக்கு மறுபடி மேற்கே போகணும். தண்ணீரோ கிழக்கே வற்றிக்கொண்டிருக்கிறது. மெதுவான ஓட்டம்தான், ஆனால் மூன்று மணி நேரம் துடுப்புப் போட்ட தோளுக்கு அதுவே மலை! உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து உப்புநீர் பட்டு எரிந்தது. விட்டுவிடலாமா என்று மனசு கேட்டது. பாதுகாப்புப் படகு பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தது. கையைத் தூக்கினால் போதும்.

அப்போது ஞாபகம் வந்தது குழாயில் நீர் ஓடும் பாடம். சுவரை ஒட்டி வேகம் குறைவு, நடுவில் அதிகம். கடலிலும் அப்படித்தான். ஆழம் குறைந்த கரையோரம் உராய்வால் ஓட்டம் தளரும். துடுப்பு தரையில் தட்டாத அளவுக்குக் கரையை ஒட்டினேன். என்னைவிடப் பலசாலிகள் இரண்டு பேர் நடு ஓட்டத்தில் அதே இடத்தில் நின்று போராடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடியே தாண்டி வந்தேன். பரிசு எதுவும் இல்லை, நடுவில்தான் வந்தேன். ஆனால் 3 மணி 40 நிமிடத்தில் முழுச் சுற்று முடித்தேன்.

நண்பர்களே, ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒன் ஸ்டார் பயிற்சியை முடியுங்கள். கயாக் கவிழ்ந்தால் வெளியே வருவதற்கு அங்கே பழக்குவார்கள். உயிர்காப்பு அங்கியும் விசிலும் இல்லாமல் இறங்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள். விடியற்காலையில் மேற்கே வானம் கறுத்தால் சுமத்ரா காற்று வருகிறது என்று அர்த்தம். இடி கேட்டால் போட்டியாவது ஒன்றாவது, கரையேறுங்கள்!

சொந்தக் கயாக் வேண்டாம், பெரிய உடம்பும் வேண்டாம். நீர் ஏறி இறங்கும் அட்டவணையைப் படிக்கத் தெரிந்தால் பாதித் தீவைச் சுற்றியாயிற்று. மீதிப் பாதிக்குத்தான் துடுப்பு!