தண்டப்பணமும் கொள்ளைநோயும்

கண்டி நகரின் நடுவே ஆங்கிலேயர் எழுப்பிய போகம்பறைச் சிறைச்சாலை, 2014இல் மூடப்பட்டு வெறுமையாய்க் கிடந்து, கொவிட் பரவிய 2020 நவம்பரில் கைதிகளைத் தனிமைப்படுத்துவதற்காக மீண்டும் திறக்கப்பட்டபோது, அங்கிருந்து தப்ப முயன்றோருள் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அம்மாதம் 29ஆம் திகதி மகர சிறையில் மூண்ட கலவரத்தில் 11 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,000 பேருக்கென அமைந்த அச்சிறையில் அன்று 2,500க்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தனர். பரிசோதனை செய்யுங்கள், நோயுற்றோரைப் பிரித்து வையுங்கள் என்றே அவர்கள் மன்றாடினர்.

இத்தனை ஜனநெருக்கத்துக்குக் காரணம் கொடுங்குற்றவாளிகளின் பெருக்கமன்று. இலங்கைச் சிறைகளில் பெரும்பகுதியினர் குற்றம் நிரூபிக்கப்படாத விளக்கமறியற் கைதிகள். தண்டனை பெற்றோரிலும் மிகப் பலர் தண்டப்பணம் கட்ட வகையற்று உள்ளே போனவர்கள். இதன் கொடுமையை மலையகத்தார் நன்கறிவர். அன்றைய பேரை, அதாவது நாட்கூலியை, இழந்து, கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு, பஸ் ஏறி ஹட்டன் நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து, கணவனுக்குச் சரீரப் பிணை நிற்க இருவரைத் தேடி அலையும் தோட்டத்துப் பெண்ணுக்குப் பிணைக்குக் காட்டக் காணி உறுதி ஏது? அவள் குடியிருக்கும் லயக் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம். 2020இல் அவளது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய். சில ஆயிரம் ரூபாய் தண்டமென்றால், அது அவள் வீட்டு அடுப்பை வாரக்கணக்கில் அணைத்துவிடும்.

சிறை நெருக்கத்தில் கொவிட் பரவாதிருக்க, இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்று மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைத்துக் கைதிகளை விடுவிக்க வழிகாணுமாறு பணித்தது. இலங்கையிலும் அவ்வாண்டின் மார்ச், ஏப்ரலில் ஏறத்தாழ 3,000 பேர் பிணையில் விடப்பட்டனர். நற்செய்கையே, எனினும் பிணையில் விடப்படுவோர் ஒருபுறம் வெளியேற, பிணையாளி கிட்டாதோர் மறுபுறம் உள்ளே சென்றுகொண்டிருந்தால் நெருக்கம் எவ்வாறு குறையும்?

விடுதலையோடு கடமை தீர்ந்துவிடுவதுமில்லை. ஒரே காம்பராவில் ஐந்தாறு உயிர்கள் படுத்துறங்கி, ஒரே பீலியில் பல குடும்பங்கள் தண்ணீர் பிடிக்கும் லயத்துக்கு, பரிசோதனையின்றி ஒருவரை அனுப்புவது, சிறையின் வியாதியைத் தோட்டத்துக்குக் கொண்டுசேர்ப்பதாகும். ஆதலால் வாயிலிலேயே பரிசோதனையும், ஊர் சேரப் பஸ் கட்டணமும், தொற்றுள்ளவருக்குத் தோட்டத்துக்கு வெளியே தங்க இடமும் அளித்தல் அரசின் பொறுப்பு. தண்டப்பணம் கட்ட இயலாதோரைச் சிறைக்கு அனுப்பாது சமூக சேவைக்கு அனுப்ப, 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் ஏற்கெனவே வழி வகுத்திருக்கிறது. நுவரெலியா, ஹட்டன் நீதிமன்றங்களில் அதனைத் தாராளமாய்க் கையாள்வதற்கு இன்னொரு கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.