நான்கு அட்டவணை, ஒரே விடை

எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் ஒட்டுறவு காண்பதற்கு ஒரு நிமிடம் போதும். மெனுவில் 'அனலைஸ்', அதற்குள் 'கோரிலேட்', அதற்குள் 'பைவேரியேட்'. இரண்டு மாறிகளைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் கெழு வந்துவிடும். அதன் தலையில் புள்ளியியல் முக்கியத்துவத்தைக் காட்டும் இரண்டு நட்சத்திரங்களும் இருந்துவிட்டால், ஆய்வேட்டின் அந்த அத்தியாயம் முடிந்ததாகவே மாணவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வருடக்கணக்கில் அலைந்து சேர்த்த தரவை ஒருமுறைகூடப் படமாக வரைந்து பார்க்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அவர்களுக்கு நான் சொல்லும் முதல் பயிற்சி 1973இல் பிறந்தது. யேல் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப், நான்கு சிறு அட்டவணைகளை ஒரு கட்டுரையில் வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் எக்ஸ், ஒய் என 11 இணைகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5, பியர்சன் கெழு ஏறக்குறைய 0.816. எஸ்பிஎஸ்எஸ்ஸில் போட்டால் நான்குக்கும் இரண்டு நட்சத்திரம் கிடைக்கும்.

இலவச மென்பொருளான 'ஆர்' வைத்திருப்பவர்கள் எண்களைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். 'ஆன்ஸ்கோம்ப்' என்ற பெயரிலேயே இந்தத் தரவு அதற்குள் இருக்கிறது. 'கோர்' கட்டளைக்கு ஒரே விடை நான்கு முறை வரும். பிறகு 'பிளாட்' கட்டளை கொடுத்துச் சிதறல் படம் வரையுங்கள்.

முதல் படத்தில் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டிச் சிதறிக் கிடக்கும். பியர்சன் கெழுவுக்கு ஏற்ற தரவு இது ஒன்றுதான். இரண்டாவதில் புள்ளிகள் வில்லாக வளையும். உறவு மிக வலுவானது, ஆனால் நேர்கோட்டு உறவல்ல. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் மேலே விலகியிருக்கும். அந்த ஒன்றுதான் கெழுவைக் கீழே இழுக்கிறது. தர வரிசையை மட்டும் பார்க்கும் ஸ்பியர்மன் முறையில் கணக்கிட்டால் இதற்கே 0.99 வரும்.

நான்காவதுதான் என்னை அதிகம் அச்சுறுத்துவது. பத்துப் புள்ளிகளுக்கு எக்ஸ் மதிப்பு 8. ஒன்றுக்கு மட்டும் 19. அதை நீக்கிவிட்டுக் கேட்டால் 'ஆர்' கெழுவே தராது, திட்டவிலக்கம் பூஜ்ஜியம் என்று எச்சரிக்கும். எக்ஸ் மாறவே இல்லை; பிறகு எதனோடு எதை ஒப்பிடுவது? 0.816 முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியின் தயவில் வந்தது.

நம் தரவில் அப்படி ஒரு புள்ளி தெரிந்தால் அவசரப்பட்டு நீக்கவும் கூடாது. அது எந்த வரிசை எண் என்று குறித்துக்கொண்டு, கட்டிவைத்த வினாத்தாள்களை அவிழ்த்து, அந்தத் தாளைத் தேடி எடுக்க வேண்டும். அந்த விலகிய மதிப்பு பதிலளித்தவர் சொன்னதா, தட்டச்சில் நுழைந்ததா என்பது அதில்தான் இருக்கும்.