இணைப்பு முனைகள் செய்வோம்

அறிவியல் கண்காட்சியில் காலையில் எரிந்த விளக்கு, பார்வையாளர் வரும் நேரத்தில் அணைந்துவிடுவதுண்டு. உடனே மின்கலத்தைக் குறை கூறுவோம். பெரும்பாலும் குற்றம் அதனுடையதன்று. கையால் முறுக்கிவிட்ட கம்பிகள் அசைவில் தளர்ந்திருக்கும். கம்பிகள் சேரும் இடத்திற்கு உறுதியான இணைப்பு முனை தேவை. அதனை நாமே செய்துகொள்ளலாம்.

உலர்ந்த மரப்பலகைத் துண்டு ஒன்றில் பித்தளைத் திருகாணிகளைப் பாதியளவு இறக்குக. (இங்குள்ள கடைகளில் ‘பேச்’ என்று கேட்டு வாங்குவீர்கள், திருகுவதால் தமிழில் அது திருகாணி.) வண்ணம் பூசியவை ஆகா, வண்ணப்பூச்சு மின்னோட்டத்தைத் தடுக்கும். கம்பியின் நுனியில் 2 செ.மீ. அளவுக்கு நெகிழி உறையை நீக்கி, செம்பு பளபளக்கும்வரை உப்புத்தாளால் தேய்க்க. பின்னர் அதனைத் திருகாணியின் தலைக்குக் கீழே, கடிகார முள் சுற்றும் திசையில் வளைக்க. திருகாணி இறுகுவதும் அத்திசையில்தான். ஆதலால், இறுக இறுகக் கம்பி உள்நோக்கி இழுக்கப்படும். எதிர்த்திசையில் வளைத்தாலோ வெளியே பிதுங்கிவிடும். இறுக்கியபின் கம்பியை மெல்ல இழுத்துப் பார்க்க; அசையலாகாது.

வானொலி பரவத் தொடங்கிய காலத்தில், ஆர்வலர்கள் ரொட்டி வெட்டும் பலகையில் ஆணிகளும் திருகாணிகளும் பொருத்தியே மின்சுற்றுகளை அமைத்தனர். இன்று கடையில் கிடைக்கும் துளைகளுள்ள நெகிழிப் பலகைக்குப் ‘பிரெட்போர்டு’ என்னும் பெயர் அதனால் வந்தது.

நம் பலகைக்கு 1.5 வோல்ட் மின்கலங்கள் இரண்டும் ஒரு டார்ச் விளக்கும் போதும். திருகாணித் தலைகள் மூடப்படாமல் இருப்பதால், வீட்டுச் சுவரிலுள்ள 230 வோல்ட் மின்சாரத்தை இதனுடன் ஒருபோதும் இணைத்தல் கூடாது.