சிவப்பணு அதிகம், இரும்பு குறைவு: மாத்திரை வாங்குமுன் காரணம் கேளுங்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் பலர் பார்ப்பது ஹீமோகுளோபின் அளவை மட்டுமே. அது குறைந்திருந்தால் ரத்த சோகை என்று தாங்களே முடிவு கட்டி, கடையில் இரும்புச் சத்து மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். அதே ரிப்போர்ட்டில் சிவப்பணு எண்ணிக்கை அதிகம் என்றிருந்தால் இந்த அவசரம் கூடாது.

ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஆண்களுக்குச் சுமார் 45 முதல் 55 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கும். பெண்களுக்குச் சற்றுக் குறைவு. இரும்புச் சத்து குறைந்தால் இந்த எண்ணிக்கையும் குறைவதே வழக்கம். மாறாகக் கூடியிருந்தால் வேறு காரணம் இருக்கலாம். முக்கியமானவை இரண்டு.

பிறவியில் வருவது

முதலாவது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் 'தலசீமியா மைனர்'. இதில் சிவப்பணுக்கள் சிறுத்து, எண்ணிக்கையில் பெருகியிருக்கும். ஹீமோகுளோபின் சிறிது குறையும். பெரும்பாலோருக்கு இதனால் தொல்லை இல்லை. மும்பையில் நம் அண்டை வீட்டாரான சிந்தி, குஜராத்தி குடும்பங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது; தமிழர்களிடமும் உண்டு.

இரும்பு மாத்திரையால் இது மாறாது. ஆனால் இதனுடன் இரும்புக் குறைவும் சேர்ந்து வரலாம். 'ஃபெரிட்டின்' பரிசோதனையில் குறைவு உறுதியானால், அது நிரம்பும் வரை மட்டும் டாக்டர் இரும்பு தருவார். மூலம், குடற்புண், அதிக மாதவிலக்கு என்று ரத்தம் எங்கே போகிறது என்பதையும் பார்ப்பார்.

'ஹீமோகுளோபின் ஏ2' 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தலசீமியா மைனர்தான். இரும்பு குறைந்திருக்கும்போது இந்த அளவு தாழ்ந்து காட்டக்கூடும். எனவே இரும்பு நிரம்பியபின் மறுபடி பார்ப்பது நல்லது.

கல்யாணத்துக்கு முன் இது அவசியம். கணவன், மனைவி இருவருக்கும் இது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தலசீமியா மேஜர் வர 4-ல் 1 பங்கு வாய்ப்பு. அந்தக் குழந்தைக்கு அடிக்கடி ரத்தம் ஏற்றியாக வேண்டும். அத்தை மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் சம்பந்தம் செய்யும் குடும்பங்கள் இதை மறக்கக் கூடாது.

ரத்தம் எடுக்கும் வைத்தியம்

இரண்டாவது, 'பாலிசைதீமியா வேரா'. எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உண்டாக்கும் நோய் இது. தலைவலி, முகச் சிவப்பு, குளித்தபின் உடம்பில் அரிப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். ரத்தம் உறைந்து பக்கவாதமோ மாரடைப்போ வரலாம். 2005-ல் கண்டறியப்பட்ட 'ஜாக்2' மரபணு மாற்றம் இந்நோயாளிகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடம் உண்டு.

ஒரு தடவைக்குச் சுமார் 450 மில்லி வரை ரத்தத்தை எடுத்து, 'ஹீமாடோகிரிட்' அளவை 45 சதவீதத்துக்குக் கீழ் வைப்பதே முக்கிய வைத்தியம். ஒவ்வொரு தடவையும் 200 மில்லிகிராம் அளவில் இரும்பும் வெளியேறும். ஆகவே இவர்களுக்கு இரும்பு குறைவது எதிர்பார்த்ததுதான். அந்தக் குறைவே சிவப்பணு உற்பத்திக்குக் கடிவாளம். அலுப்பாக இருக்கிறதென்று தாமாக டானிக் குடித்தால் கடிவாளம் அறுந்து, எண்ணிக்கை மறுபடி ஏறிவிடும். அலுப்பை டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்வதே வழி.

ஆக, ரிப்போர்ட் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒருவருக்கு மருந்தாகும் இரும்பு மற்றவருக்கு ஆபத்தாகலாம். மாத்திரைக்குச் செலவிடும் பணத்தை முதலில் ஃபெரிட்டின் பரிசோதனைக்குச் செலவிடுவது புத்திசாலித்தனம்.