பிராவிடென்சு முதல் பாப்டிஸ்டுத் திருச்சபை: வரலாறும் கொள்கையும்

பாப்டிஸ்டு என்னும் சொல், நீரில் அமிழ்த்துதல் என்று பொருள்படும் கிரேக்க வினையின் வழிப் பிறந்தது. அதனைத் 'திருமுழுக்காளர்' எனத் தமிழாக்கிக் கொள்ளலாம். ஆயின் கிறித்தவருள் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் திருமுழுக்குப் பெறுவோரே ஆதலின், அப்பெயர் பிறர்க்கும் சென்று பொருந்தி மயக்கம் விளைக்கும். ஆதலின் பெயரை விடுத்துக் கொள்கையை நோக்குதல் தகும். திருமுழுக்கு யார்க்கு உரியது? எப்பருவத்தில் உரியது? எவ்வாறு அளித்தற்குரியது? இம்மூன்று வினாக்களுக்கும் இக்கூட்டத்தார் கூறும் விடை ஒன்றே. நம்பிக்கை கொண்டார்க்கே உரியது. அந்நம்பிக்கையைத் தம் வாயால் அறிக்கையிடும் அறிவு வந்த பின்னரே உரியது. உடல் முழுதும் நீருள் அமிழுமாறு அளித்தற்குரியது என்பர்.

மேலோட்டமாக நோக்குவார்க்கு இது சடங்கு பற்றிய சிறு வேறுபாடாகவே தோன்றும். அங்ஙனமாயின் இதற்காக மக்கள் சிறைப்பட்டதும் கசையடி உண்டதும் நாடு கடத்தப்பட்டதும் எற்றுக்கு? பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு நாட்டிற் பிறந்த குழந்தை, பிறந்த சின்னாளில் அந்நாட்டுத் திருச்சபையின் நீரைத் தலையில் ஏற்றது. அதனால் அஃது ஒரே வேளையில் குடிமகவும் ஆயிற்று, கிறித்தவமும் ஆயிற்று. குடிமையும் சமயமும் ஒரே முடிச்சிற் பிணிக்கப்பட்டிருந்தன. குழந்தைக்குத் திருமுழுக்கு இல்லை என்று ஒருவன் கூறிய அளவில் அம்முடிச்சு அவிழ்ந்துவிடுகின்றது. பிறப்பால் ஒருவன் குடியாகலாம். பிறப்பாற் சமயத்தான் ஆதல் இயலாது. எனின், அரசனுடைய கோல் மனச்சான்றின் வாயில்வரை செல்லலாமேயன்றி அதனுள்ளே புகுதல் ஆகாது. ஆட்சியாளர் அஞ்சியது நீரை அன்று. நீரினின்றும் பிறந்த இம்முடிபையே என்க.

இக்கொள்கை ஓர் ஊரில், ஒரு சிறு குழுவில், எவ்வாறு வேர்கொண்டு இடர்ப்பட்டு நிலைபெற்றது என்பதனை வட அமெரிக்காவின் பிராவிடென்சு நகரத்துத் திருச்சபையின் வரலாறு கொண்டு ஈண்டு விளக்க முற்படுகின்றோம். அமெரிக்க மண்ணில் தோன்றிய பாப்டிஸ்டுத் திருச்சபைகளுள் முதலாவதாகப் பொதுவாக ஏற்கப்படுவது இது. அண்மையிலுள்ள நியூபோர்ட்டுத் திருச்சபையாரும் இம்முதன்மைக்கு உரிமை கொண்டாடியதுண்டு. அவ்வழக்கில் நாம் புகவில்லை.

இதன் தோற்றத்திற்குக் காரணரானவர் ரோஜர் வில்லியம்ஸ். இலண்டனிற் பிறந்து கேம்பிரிட்சிற் பயின்ற இவர், 1631இல் மாசச்சூசெட்சுக் குடியேற்றத்திற்கு வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் சமய ஒடுக்குதலுக்கு அஞ்சிக் கடல் கடந்த தூய்மையாளர் அங்கே தம் சமயத்தையே அரசச் சமயமாக நிறுவி, மாறுபட்டாரை ஒடுக்கத் தலைப்பட்டிருந்தனர். ஒடுக்கப்பட்டவர் கோல் கைக்கு வந்தவுடன் ஒடுக்குவோராதல் வரலாற்றிற் புதுமையன்று. வில்லியம்ஸ் இரண்டு கருத்துக்களை வெளிப்படையாகக் கூறினார். பத்துக் கட்டளைகளுள் கடவுளைப் பற்றியனவாகிய முற்பகுதிக் கட்டளைகளை மீறுவாரைத் தண்டிக்க ஆட்சியாளர்க்கு உரிமை இல்லை என்பது ஒன்று. இங்கிலாந்து மன்னன் அளித்த பட்டயத்தால் மட்டும் பழங்குடியினரின் நிலம் குடியேறியோர்க்கு உரியதாகாது என்பது மற்றொன்று. 1635ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் வழக்கு மன்றம் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தது. கடுங்குளிர்ப் பருவத்திற் காடு புகுந்த அவர்க்கு நாரகான்செட்டுப் பழங்குடித் தலைவர்கள் நிலம் ஈந்தனர். 1636இல் அங்கே அமைத்த ஊர்க்கு, இறைவனின் அருட்காப்பு என்னும் பொருள்படப் பிராவிடென்சு எனப் பெயரிட்டார். குடியியற் செய்திகளில் மட்டுமே ஊரவையின் ஆணை செல்லும் என அவ்வூரார் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

அம்மக்களின் மொழியை வில்லியம்ஸ் நன்கு கற்று, 1643இல் அதற்கொரு திறவுகோலாக ஒரு நூலை இலண்டனில் அச்சிட்டார். சொற்களையும் உரையாடல்களையும் வாழ்க்கைத் துறைவாரியாக வகுத்துக் கூறும் நூல் அது. தமிழுக்கு இலக்கணமும் அகராதியும் யாத்த மேலைநாட்டுச் சமயத் தொண்டர்களை அறிந்த நமக்கு இது வியப்பன்று. வியப்பாவது, அத்துணை மொழியறிவும் நட்பும் வாய்த்திருந்தும் அவர் அம்மக்களைத் திரள் திரளாகத் திருமுழுக்காட்ட முனையாமையே. உள்ளத்து உடன்பாடின்றிப் பெயரளவிற் கிறித்தவராக்குதல் கிறித்தவராக்குதல் ஆகாது என அவர் எழுதினார். குழந்தைத் திருமுழுக்கை மறுத்த அதே ஏரணம் இங்கும் தொழிற்படுதல் காண்க.

1638ஆம் ஆண்டினைத் திருச்சபை தன் பிறப்பாண்டாகக் கொண்டுள்ளது. சேலம் என்னும் ஊரிலிருந்து வந்திருந்த எசேக்கியேல் ஹாலிமன் என்பவர் வில்லியம்சுக்குத் திருமுழுக்களித்தார். பின்னர் வில்லியம்ஸ் ஹாலிமனுக்கும் வேறு பதின்மர் அளவினோர்க்கும் அளித்தார். மாசச்சூசெட்சு ஆளுநராய் விளங்கிய சான் வின்திராப்பு தம் நாட்குறிப்பில் இதனைக் குறித்துள்ளார். பகைவர் கைக் குறிப்பே சான்றாய் நிற்பது வரலாற்றாசிரியர்க்கு ஒருவகையில் நன்று. புனைந்துரை என்னும் ஐயத்திற்கு அங்கே இடமில்லை.

இந்நிகழ்ச்சியிலேயே ஒரு கடுஞ்சிக்கல் பொதிந்து கிடக்கின்றது. குழந்தைப் பருவத்தில் பெற்ற திருமுழுக்குத் திருமுழுக்கே அன்று எனின், ஹாலிமன் திருமுழுக்குப் பெறாதவர் ஆகின்றார். பெறாத ஒருவர் பிறர்க்கு எங்ஙனம் அளித்தல் கூடும்? ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றலாம். அணைந்த விளக்குகள் இரண்டு ஒன்றையொன்று ஏற்றுமா? வில்லியம்ஸ் உள்ளத்தை இவ்வினா ஓயாது அரித்தது போலும். சில திங்களுக்குள் அவர் தாம் தோற்றுவித்த குழுவினின்றும் விலகினார். திருத்தூதர் காலத்திலிருந்து வந்த உரிமைத் தொடர் இடையிலே அறுந்துவிட்டது என்றும், கடவுள் புதிய தூதரை அனுப்பும்வரை எத்திருச்சபையும் முறைப்படி அமைதல் இயலாது என்றும் கருதி, இறுதிவரை எச்சபையும் சாராது தேடுவோராகவே வாழ்ந்து 1683இல் மறைந்தார்.

இதற்கு முன்னிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆங்கிலப் பாப்டிஸ்டு மரபின் முதல்வராகிய சான் சுமித்து 1609இல் ஆம்சுடர்டாம் நகரில் தமக்குத் தாமே திருமுழுக்களித்துக்கொண்டார். பின்னர் அதன் செம்மையில் ஐயுற்று, மென்னோனைட்டுக் குழுவினரோடு சேர விழைந்தார். அவருடைய தோழர் தாமசு எல்விசு அவரோடு மாறுபட்டுச் சிலருடன் இங்கிலாந்து மீண்டு, இலண்டனில் முதற் பாப்டிஸ்டுக் குழுவை நிறுவினார். அங்கும் இங்கும் முதல்வர் விலகினார், குழு நிலைத்தது. உரிமைத் தொடரை மூதாதையர் வரிசையிலன்றி நம்புவோர் கூடிய கூட்டத்திலும் திருமறையிலுமே தேடவேண்டும் என்பது எஞ்சியோர் கண்ட விடை. அதுவே பாப்டிஸ்டுத் திருச்சபை அமைப்பின் அடிப்படையாயிற்று. எனவேதான் ஒவ்வொரு தலத்துத் திருச்சபையும் தன்னைத் தானே ஆளுகின்றது. ஆயரைத் தேர்வதும், உறுப்பினரை ஏற்பதும், பொருளைக் கையாளுவதும் உறுப்பினர் கூட்டமே. மேலிருந்து ஆணையிடும் பேராயர் இலர். திருமறையே அளவுகோல், மனிதர் வகுத்த விசுவாச அறிக்கை எதுவும் மனச்சான்றைக் கட்டுப்படுத்துவதன்று என்பர்.

இங்ஙனம் ஒவ்வொருவரும் திருமறையைத் தாமே ஓதி முடிவு காணும் இடத்தில் பிளவு நேர்தல் இயல்பு. 1652ஐ ஒட்டிப் பிராவிடென்சுத் திருச்சபை இரண்டாயிற்று. எபிரெயர் திருமுகத்தின் ஆறாம் அதிகாரத் தொடக்கத்தில் மனமாற்றம், நம்பிக்கை, திருமுழுக்கு, கைவைத்தல், இறந்தோர் உயிர்த்தெழுதல், இறுதித் தீர்ப்பு என ஆறு அடிப்படைகள் எண்ணப்படுகின்றன. திருமுழுக்குப் பெற்ற ஒவ்வொருவர் தலைமீதும் கைவைத்து வேண்டுதல் இன்றியமையாதது எனக் கொண்டோர் அறுகொள்கையர் எனப்பட்டனர். வேண்டா என்றோர் ஐங்கொள்கையர் ஆயினர். தாமசு ஆல்னி தலைமையிற் பிரிந்த ஐங்கொள்கையர் குழு பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது. அறுகொள்கையர் குழுவே தொடர்ந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவர்கட்குக் கட்டடம் இல்லை. வீடுகளிலும், வானம் தெளிந்த நாளில் மரத்தடியிலும் கூடினர். 1700இல் ஆயர் பார்டன் தில்லிங்காசுட்டு தம் பொருளில் முதற் கூடத்தைக் கட்டினார். 1726இல் அதனினும் பெரிய கூடம் எழுந்தது.

1770இல் நேர்ந்த மாற்றம் பெரிது. பாப்டிஸ்டுகள் 1764இல் பட்டயம் பெற்று நிறுவிய ரோட் ஐலண்டுக் கல்லூரி வாரன் என்னும் ஊரிலிருந்து பிராவிடென்சுக்குப் பெயர்ந்தது. அதன் தலைவர் சேம்சு மானிங் உடன் வந்தார். பாப்டிஸ்டுகள் நடத்திய அக்கல்லூரி மாணாக்கரிடம் சமயச் சோதனை எதனையும் வைக்கக்கூடாது என அதன் பட்டயமே விதித்திருந்தமை, மேலே கூறிய கொள்கையின் நேரிய விளைவு. மானிங் திருச்சபையின் ஆயராக அழைக்கப்பட்டபோது பழைய ஆயர் சாமுவேல் வின்சர் இரண்டு காரணம் காட்டி எதிர்த்தார். கைவைத்தல் பெறாதாரையும் மானிங் திருவிருந்திற்கு ஏற்றார் என்பது ஒன்று. வழிபாட்டில் கூடிப் பாடுதலை மானிங் ஏற்றார் என்பது மற்றொன்று.

பாடுதல் எங்ஙனம் குற்றமாகும் என்று தமிழர் திகைப்பர். தேவாரமும் திருவாய்மொழியும் ஓதப்பெறாத வழிபாட்டை நாம் எண்ணியும் பார்ப்பதில்லை. தமிழ்க் கிறித்தவர்க்கோ வேதநாயக சாத்திரியாரின் கீர்த்தனைகள் உள. ஆயினும் பழைய குழுவினரின் அச்சத்திற்கு ஏரணம் இல்லாமலில்லை. பிறர் யாத்த சொற்களை ஒருவன் நம்பினும் நம்பாவிடினும் கூட்டத்தோடு சேர்ந்து உரக்கச் சொல்லுதல், உள்ளத்து உடன்பாடற்ற வழிபாடாகிவிடும் என்பதே அது. குழந்தைத் திருமுழுக்கை மறுத்த அதே நெறி இசையையும் ஐயுற்றது. எனினும் இது கொள்கையை அதன் பயன் கெடுமளவு நீட்டுதல் என்றே நாம் கருதுகின்றோம். வின்சரும் அவரைச் சார்ந்தோரும் 1771இல் பிரிந்து சான்சுடன் என்னும் ஊரில் தனித் திருச்சபை அமைத்தனர். எஞ்சியோர் மானிங்கைத் தலைவராகக் கொண்டு பாடலாயினர்.

இன்றும் நிற்கும் கூடம் 1774-75இல் எழுந்தது. பாசுடன் துறைமுகத்தைப் பிரித்தானிய அரசு மூடிவிட்டமையால் வேலையிழந்த தச்சரும் கப்பல் கட்டுவோரும் இப்பணிக்கு வந்தனர். வணிகரும் வானியல் ஆர்வலருமான சோசப்பு பிரௌன் கட்டடத்தை வகுத்தார். கோபுரம் மட்டும், ஆங்கிலச் சிற்பி சேம்சு கிப்சு இலண்டன் தூய மார்ட்டின் கோயிலுக்கென வரைந்து பயன்படுத்தாது விட்டு 1728இல் நூலில் வெளியிட்ட வரைவுகளுள் ஒன்றைத் தழுவியது; உயரம் 185 அடி. ஏறத்தாழ 4,300 மக்களே வாழ்ந்த ஊரில் 1,200 பேர் அமரத்தக்க கூடம் அமைத்தமைக்குக் காரணம், வழிபாட்டோடு கல்லூரிப் பட்டமளிப்பு விழாவிற்கும் அது பயன்பட வேண்டும் என்று கருதியமையே. செலவிற்குப் பரிசுச்சீட்டு நடத்தக் குடியேற்றச் சட்டப் பேரவை இசைவளித்தது. அரசினின்றும் விலகி நின்றவர்கள் அரசின் இசைவோடு சூதினை ஒத்த வழியிற் பொருள் திரட்டினர் என்பதைக் குறிக்காது விடுதல் நடுநிலையாகாது.

இக்கூடத்தை அவர்கள் கோயில் என்பதில்லை. கூடுமிடம் என்றே வழங்குவர். திருச்சபை என்பது மக்கள். கட்டடம் அவர்கள் கூடும் இடம் மட்டுமே. தலைவன் உறையும் இல்லமாகிய 'கோயில்' என்னும் நம் சொல் இதற்குப் பொருந்தாது. ஊரார் கூடும் 'மன்றம்', 'பொதியில்' என்னும் பழஞ்சொற்கள் பொருந்தும்.

வரலாற்றின் இருண்ட பக்கமும் உண்டு. சோசப்பும் அவர் உடன்பிறந்தார் மூவரும் கூட்டாக நடத்திய வணிக நிறுவனம், 1764இல் சாலி என்னும் கப்பலை ஆப்பிரிக்காவிற்கு அடிமை வாணிகத்திற்கு அனுப்பியது. ஏற்றப்பட்ட 196 பேருள் 109 பேரேனும் மாண்டனர். மனச்சான்றின் உரிமைக்காகப் பிறந்த திருச்சபையின் கூடத்திலேயே அடிமைகளும் விடுதலை பெற்ற கறுப்பரும் பழங்குடியினரும் அமர்தற்கு மேலே தனி மாடம் இருந்தது. உடன்பிறந்தாருள் ஒருவராகிய மோசசு பிரௌன் பின்னர் 1773இல் தம் அடிமைகளை விடுவித்துக் குவேக்கர் குழுவிற் சேர்ந்து அடிமை ஒழிப்பிற்கு உழைத்தார். மற்றொருவராகிய சான் பிரௌன் அவ்வாணிகத்தை வெளிப்படையாகவே ஆதரித்து வாதிட்டார். கல்லூரி 1804இல் அக்குடும்பத்தின் பெயரால் பிரௌன் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. அப்பல்கலைக்கழகமே 2006இல் இவ்வுண்மைகளை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டது.

அக்கல்லூரியில் 1807இல் முதன்மையாகத் தேறியவர் அதோனிராம் சட்சன். இவர் பாப்டிஸ்டாகப் புறப்பட்டவர் அல்லர். 1812இல் சமயத் தொண்டிற்காக இந்தியாவை நோக்கிக் கப்பலேறியவர், பயணத்தில் திருமுழுக்குப் பற்றிய திருமறைப் பகுதிகளை ஆராய்ந்து தம் கருத்தை மாற்றிக்கொண்டார். அவரும் துணைவியார் ஆன் அம்மையாரும் அவ்வாண்டு செப்டம்பர் 6ஆம் நாள் கல்கத்தாவில் சீராம்பூர்த் தொண்டர் வில்லியம் வார்டு கையால் திருமுழுக்குப் பெற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை நாட்டில் தங்கவிடவில்லை. மொரீசியசுத் தீவு சென்று, 1813ஆம் ஆண்டு சூன் திங்களிற் சென்னைத் துறையில் இறங்கினர். மீண்டும் வெளியேற்றப்படுவோம் என அஞ்சி, அங்கே கிடைத்த கப்பலிலேறி இரங்கூன் சேர்ந்தனர். சட்சன் திருமறை முழுவதையும் பர்மிய மொழியில் ஆக்கினார். சென்னையில் அவர்க்குத் தங்க இடம் கிடைத்திருப்பின் அப்பணி எம்மொழிக்கு வாய்த்திருக்கும் என்பது எண்ணத்தக்கது.

பிராவிடென்சுத் திருச்சபை இன்று அமெரிக்கப் பாப்டிஸ்டுத் திருச்சபைகளின் கூட்டமைப்பைச் சார்ந்துள்ளது. கூட்டமைப்பு ஆணையிடுவதில்லை, அறிவுரை கூறும். கூடத்தை அமெரிக்க அரசு 1960இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பல்கலைக்கழகப் பட்டமளிப்பு நாளில் மாணாக்கர் குன்றினின்றும் ஊர்வலமாக இறங்கி இக்கூடத்திற்கு வருதல் 1776இல் தொடங்கிய வழக்கின் தொடர்ச்சியாகும்.